ஈஸ்ட் வளர்ச்சியும் பாலிஅமீன்களும்: ஊடகம் தயாரிப்பது முதல் முடிவுகளைப் படிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெர்மிடின் என்னும் பாலிஅமீனைத் தானே செய்துகொள்ள முடியாத ஓர் ஈஸ்ட் திரிபை (மரபணு மாறிய வகையை) எடுத்து, ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் ஒய்பிடி (ஈஸ்ட் சாறு, பெப்டோன், குளுக்கோஸ்) ஊடகத்தில் இட்டால், அது நன்றாகவே வளரும். இதைக் கண்டு, ஈஸ்டின் வளர்ச்சிக்கு ஸ்பெர்மிடின் தேவையில்லை என்று முடிவுகட்டுவது மிக எளிதில் நேரக்கூடிய பிழை. அந்த ஊடகத்தில் இருக்கும் ஈஸ்ட் சாறே பாலிஅமீன்கள் நிறைந்தது என்பதால், திரிபு தானே செய்ய முடியாததை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு வளர்கிறது. இத்துறையில் நாம் செய்யும் ஒவ்வொரு வளர்ச்சிச் சோதனையும் உண்மையில் ஒரு கணக்குப் புத்தகம்: செல்லுக்குள் ஸ்பெர்மிடின் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சமிருக்கிறது. இந்த வரவுசெலவை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கே வளர்ச்சிக் கோட்டின் பொருள் புரியும். முதுநிலை மாணவர்களையும் ஆய்வைத் தொடங்குவோரையும் மனத்தில் வைத்து, சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ரொட்டி ஈஸ்டைக் கொண்டு அந்தக் கணக்கை எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: பாதையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

பாலிஅமீன்கள் சிறிய, நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள். செல்லின் உட்சூழலில் பியூட்ரெசினுக்கு இரண்டு, ஸ்பெர்மிடினுக்கு மூன்று, ஸ்பெர்மினுக்கு நான்கு நேர்மின்னேற்றங்கள் உண்டு. ஆகவே எதிர்மின்னேற்றம் கொண்ட ஆர்என்ஏ, டிஎன்ஏ, சவ்வுகளின் பாஸ்பேட்டுகள் ஆகியவற்றோடு இவை இறுகப் பிணைகின்றன. செல்லில் இருக்கும் பாலிஅமீன்களில் பெரும்பகுதி இப்படி ஆர்என்ஏவுடன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டின்றித் திரியும் பகுதி சிறியது.

ஈஸ்டில் பாதை ஆர்ஜினினில் தொடங்குகிறது. ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினை உடைத்து ஆர்னிதினைத் தருகிறது. ஆர்னிதின் வேறு வழியாக, குளுட்டமேட்டிலிருந்தும் உருவாகிறது. ஆர்னிதினிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கிப் பியூட்ரெசினை உருவாக்குவது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ்; இதன் மரபணு ஸ்பி1. தாவரங்களிலும் பல பாக்டீரியாக்களிலும் ஆர்ஜினினிலிருந்தே நேராகப் பியூட்ரெசினை நோக்கிச் செல்லும் மாற்றுவழி உண்டு. ரொட்டி ஈஸ்டில் அந்த வழி இல்லை, எனவே ஸ்பி1 போனால் பியூட்ரெசினும் போய்விடும்.

அடுத்த இரண்டு பாலிஅமீன்களைச் செய்ய அமினோபுரோப்பைல் என்னும் துண்டு வேண்டும். அதைக் கொடுப்பது எஸ்-அடினோசில்மெத்தியோனின். ஸ்பி2 மரபணுவின் நொதி அதன் கார்பாக்சில் பகுதியை நீக்கித் தயார்ப்படுத்துகிறது. பியூட்ரெசினில் அத்துண்டை ஒட்டி ஸ்பெர்மிடினைத் தருவது ஸ்பி3. ஸ்பெர்மிடினில் இன்னொரு துண்டை ஒட்டி ஸ்பெர்மினைத் தருவது ஸ்பி4. ஒவ்வொரு துண்டு ஒட்டப்படும்போதும் மெத்தில்தயோஅடினோசின் என்னும் பக்கவிளைபொருள் ஒன்று பிறக்கிறது. கந்தகம் அரிதான பொருள் என்பதால், செல் அதை வீணடிக்காமல் மீண்டும் மெத்தியோனினாக மாற்றிக்கொள்கிறது.

பாதை இத்துடன் முடிவதில்லை. எஃப்எம்எஸ்1 என்னும் பாலிஅமீன் ஆக்சிடேஸ் நொதி ஸ்பெர்மினை உடைத்து, ஸ்பெர்மிடினையும் 3-அமினோபுரோப்பனால் என்னும் ஆல்டிஹைடையும் தருகிறது. அந்த ஆல்டிஹைடு பீட்டா-அலனினாகி, பின்னர் பான்டோதெனிக் அமிலமாகிறது, அதாவது வைட்டமின் பி5. கோஎன்சைம்-ஏ உருவாவதற்கு இதுவே அடிப்படை. ஈஸ்ட் தன் பி5 வைட்டமினைச் செய்துகொள்ள ஸ்பெர்மினையே நம்பியிருக்கிறது என்பது 2001-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. சோதனையில் எல்லோரும் தவறவிடும் ஒரு கண்ணி இங்கேதான் இருப்பதால் இதை மறவாதீர்கள். ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருகிறேன்.

இரண்டாம் படி: செல் தன்னைத் தானே எப்படிக் கட்டுப்படுத்துகிறது

பாலிஅமீன் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அதனால் செல் இதை மிகக் கறாராகக் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாட்டின் மையம் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். பெரும்பாலான புரதங்கள் சிதைக்கப்படுவதற்குமுன் யுபிக்குவிட்டின் என்னும் முத்திரை ஒட்டப்பட வேண்டும். இந்த நொதிக்கு அது வேண்டியதில்லை. ஆன்டிசைம் என்னும் சிறு புரதம் இதனுடன் பிணைந்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமின் வாயிலுக்கு நேரே கொண்டுசேர்த்துவிடுகிறது.

ஆன்டிசைமின் தூது ஆர்என்ஏவைப் படித்துக்கொண்டு வரும் ரைபோசோம் நடுவில் ஒரு நிறுத்தக் குறியைச் சந்திக்கிறது. அங்கே ஓர் எழுத்து முன்னே தாவினால்தான் முழுப் புரதமும் உருவாகும். பாலிஅமீன்கள் மிகுந்திருக்கும்போது இத்தாவல் அதிகமாக நிகழ்கிறது. அதாவது, விளைபொருள் பெருகினால், விளைவிக்கும் நொதியை அழிக்கும் புரதமும் பெருகும். ஈஸ்டின் ஆன்டிசைமை அடையாளம் கண்டு, பாலிஅமீன்கள் அதன் உற்பத்தியைத் தூண்டுவதோடு நில்லாமல் அதன் சிதைவையும் தடுக்கின்றன என்று 2004-இல் காட்டியது ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகக் குழு. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் பழனிமுருகன் என்பதைத் தமிழ் மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கட்டுப்பாட்டை அறிந்திருப்பது வெறும் பாடத்துக்காக அல்ல. வெளியிலிருந்து ஸ்பெர்மிடினைச் சேர்த்தவுடன் இயல்பு ஈஸ்டின் சொந்த உற்பத்தி குறைந்துவிடும். ஆகவே இயல்பு வகையில் 'சேர்த்தது', 'சேர்க்காதது' என்று ஒப்பிட்டு, வளர்ச்சியில் வேறுபாடு இல்லை என்று காண்பவர், பாலிஅமீனின் தேவையைச் சோதிக்கவே இல்லை. சீராக்கும் அமைப்பு வேலை செய்கிறது என்பதை மட்டும் கண்டிருக்கிறார். தேவையைச் சோதிக்க, குறிப்பிட்ட மரபணு நீக்கப்பட்ட திரிபுகள், அதாவது நீக்கத் திரிபுகள், கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்பெர்மிடின் எதற்காக என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நேர்மின்னேற்றம் கொண்ட எந்த மூலக்கூறும் ஆர்என்ஏவைத் தாங்கிப்பிடிக்க முடியும். மக்னீசியமும் அதில் பெரும்பங்கைச் செய்கிறது. அப்படியிருக்க, வளர்ச்சிக்கு ஸ்பெர்மிடினே ஏன் இன்றியமையாதது? இக்கேள்விக்கு விடை கிடைத்த விதமே இந்தத் துறையின் மிக அழகான பகுதி என்பது என் எண்ணம்.

1971-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாட்டின் மூளையிலிருந்து ஹைபுசின் என்னும் புதிய அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது இஐஎஃப்5ஏ என்னும் ஒரே ஒரு வகைப் புரதத்தில் மட்டுமே இருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. ஈஸ்டில் இப்புரதத்தின் 51-ஆம் இடத்தில் உள்ள லைசினுடன், டிஆக்சிஹைபுசின் சிந்தேஸ் என்னும் நொதி ஸ்பெர்மிடினின் அமினோபியூட்டைல் பகுதியை வெட்டி ஒட்டுகிறது. பின்னர் இன்னொரு நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. முதல் நொதி இல்லையேல் ஈஸ்ட் உயிர்வாழாது. இரண்டாவது இல்லாவிட்டாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். ஒட்டப்படும் அந்தப் பகுதிதான் உயிர்நாடி, அதன்மேல் வரும் மெருகு அல்ல என்பதை இது காட்டுகிறது.

ஹைபுசின் பெற்ற இப்புரதம் ரைபோசோம் தடுமாறும் இடங்களில் கைகொடுக்கிறது. அடுத்தடுத்துப் பல புரோலின்கள் வரும் வரிசையில் ரைபோசோம் நின்றுவிடும். இது இல்லாமல் அத்தகைய புரதங்கள் முழுமையாக உருவாவதில்லை என்று 2013-இல் ஈஸ்டில் காட்டப்பட்டது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹெர்பர்ட் டேபரும் அவர் துணைவியார் சீலியா டேபரும் பல பத்தாண்டுகள் இத்துறையில் உழைத்தார்கள். மேலே கண்ட ஸ்பி மரபணுக்களில் பலவற்றின் திரிபுகள் அந்த ஆய்வகத்திலிருந்தே நமக்குக் கிடைத்தவை. ஸ்பெர்மிடினே வளர்ச்சிக்குத் தேவை, ஸ்பெர்மின் ஸ்பெர்மிடினாக மாறுவதால்தான் பயன்படுகிறது என்று 2003-இலும், ஸ்பெர்மிடின் மிகக் குறைவாகக் கிடைக்கும்போது அதன் முதன்மையான பணி ஹைபுசின் உருவாக்கமே என்று 2008-இலும் அவர்கள் குழு வெளியிட்டது. வெளியில் 10 நானோமோலார் அளவில் மட்டுமே ஸ்பெர்மிடின் இருந்தாலும் திரிபு ஏறத்தாழ இயல்பான வேகத்தில் வளர்ந்தது. செல்லுக்குள் வந்த சொற்ப ஸ்பெர்மிடினில் பெரும்பங்கு அந்த ஒரே புரதத்துக்குச் சென்றது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் கடைசிவரை காக்கும் குடும்பத்தைப்போல, செல் மற்றத் தேவைகளைச் சுருக்கி இதை மட்டும் காக்கிறது. 10 நானோமோலார் என்ற இந்த எண்ணை நினைவில் வையுங்கள். சோதனை முழுவதும் இது நம்மைப் பின்தொடரும்.

நான்காம் படி: ஸ்ட்ரெயின்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே பின்னணியில் அமைந்த திரிபுகளையே பயன்படுத்துங்கள். பிஒய்4741 என்னும் ஆய்வக ஈஸ்டின் பின்னணியில் உள்ள நீக்கத் தொகுப்பு பல ஆய்வகங்களில் கிடைக்கும். குறைந்தது இவை வேண்டும்: இயல்பு வகை, ஸ்பி1 நீக்கம், ஸ்பி2 நீக்கம், ஸ்பி4 நீக்கம், ஸ்பி2-உடன் எஃப்எம்எஸ்1-உம் சேர்ந்து நீக்கப்பட்ட இரட்டைத் திரிபு. ஸ்பி3 நீக்கத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.

தொகுப்பிலிருந்து வந்ததை அப்படியே நம்பாமல், பிசிஆர் வழியாக நீக்கத்தை உறுதிசெய்யுங்கள். நீக்கம் உள்ள செல்களை ஜி418 மருந்தைக் கொண்டு தெரிவுசெய்யும்போது ஒய்பிடியிலேயே செய்யுங்கள். அம்மோனியம் சல்பேட் கொண்ட செயற்கை ஊடகத்தில் அம்மருந்து சரியாக வேலை செய்யாது. பாலிஅமீன் கிடைக்காத நிலையில் ஒரு திரிபை நீண்டநாள் வைத்திருந்தால், இழப்பை ஈடுகட்டும் புதிய மாற்றங்களைப் பெற்ற செல்கள் மேலோங்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு சோதனையையும் மைனஸ் 80 டிகிரியில் வைத்த கிளிசரால் சேமிப்பிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: ஊடகம்

சோதனையின் வெற்றி தோல்வியில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஈஸ்ட் சாறு, பெப்டோன், கேசமினோ அமிலம் போன்ற உயிர்ப்பொருள் சாறுகள் எதுவும் கூடாது. அமினோ அமிலம் இல்லாத, அம்மோனியம் சல்பேட் உள்ள ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் லிட்டருக்கு 6.7 கிராம், குளுக்கோஸ் 20 கிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிஒய்4741-க்கு ஹிஸ்டிடின், மெத்தியோனின், யுராசில் ஆகியவை லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதமும், லியூசின் 60 முதல் 100 மில்லிகிராமும் தேவை. எடைபோட்ட தூய அமினோ அமிலங்களையே சேர்த்து, கலவைப் பொடிகளைத் தவிர்த்தால், எதிர்பாராத பொருள் உள்ளே வரும் வழி ஒன்று அடைபடும்.

திட ஊடகத்துக்குச் சாதாரண அகார் போதுமானதல்ல. அது கடற்பாசியிலிருந்து வருவது. அதில் பலவகை மாசுகள் இருக்கும். நானோமோலார் அளவுகூட விளைவைத் தரும் சோதனையில், கழுவித் தூய்மைப்படுத்திய அகாரோ அகரோஸோதான் ஏற்றது. இயன்றவரை திரவ ஊடகத்திலேயே முடிவெடுங்கள். தட்டில் இயல்பு வகையையும் திரிபையும் அருகருகே இடும்போது, ஈஸ்ட் செல்கள் பாலிஅமீனை வெளியேற்றும் இயல்புடையவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அண்டை வீட்டு உணவில் திரிபு வளர்ந்துவிட்டால், அது உங்கள் தட்டில் பொய்யான விடையாகத் தெரியும்.

இனி நான் முன்பு சொன்ன பி5 கண்ணி. வழக்கமான ஈஸ்ட் நைட்ரஜன் பேஸில் கால்சியம் பான்டோதெனேட் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பெர்மிடினின் தேவையை மட்டும் சோதிப்பவருக்கு இது நன்மையே. வைட்டமின் வெளியிலிருந்து கிடைப்பதால், ஸ்பெர்மின் இல்லாத ஸ்பி4 நீக்கத் திரிபு இந்த ஊடகத்தில் இயல்பாக வளரும். ஆனால் பான்டோதெனேட் இல்லாமல் தயாரித்த ஊடகத்தில் அதே திரிபும் எஃப்எம்எஸ்1 நீக்கமும் வளராமல் நின்றுவிடும். பான்டோதெனேட்டையோ பீட்டா-அலனினையோ சேர்த்தால் மீளும். இந்த இரண்டு ஊடகங்களையும் பிரித்துப் பார்க்காதவர், வைட்டமின் பஞ்சத்தைப் பாலிஅமீன் பஞ்சம் என்று எண்ணிவிடுவார். ஸ்பெர்மினுக்கு வளர்ச்சியில் பங்குண்டா என்று யாராவது கேட்டால், எந்த ஊடகத்தில் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.

மக்னீசியத்தையும் ஒரே அளவில் வைத்திருங்கள். இந்த ஊடகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிமோலார். பாலிஅமீன்களும் மக்னீசியமும் ஒரே இடங்களுக்குப் போட்டியிடுவதால், மக்னீசியத்தின் அளவு மாறினால் விளைவும் மாறும்.

ஆறாம் படி: பாலிஅமீன் கரைசல்கள்

தூய கார வடிவில் உள்ள ஸ்பெர்மிடின் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். கரைசலைக் கடுங்காரமாகவும் ஆக்கும். ஹைட்ரோகுளோரைடு உப்புகளை வாங்குவதே எளிது. 10 மில்லிமோலார் கரைசல் 10 மில்லிலிட்டர் தயாரிக்க, பியூட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடு 16.1 மில்லிகிராம், ஸ்பெர்மிடின் ட்ரைஹைட்ரோகுளோரைடு 25.5 மில்லிகிராம், ஸ்பெர்மின் டெட்ராஹைட்ரோகுளோரைடு 34.8 மில்லிகிராம் தேவை. 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். இக்கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 10 மைக்ரோமோலார் கிடைக்கும். அது திரிபுகளின் வளர்ச்சியை முழுமையாக மீட்கப் போதுமானது. அங்கிருந்து பத்துப் பத்து மடங்காகக் குறைத்து 1 மைக்ரோமோலார், 100 நானோமோலார், 10 நானோமோலார் என்று ஒரு வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள். மிக நீர்த்த கரைசல்களை முன்கூட்டியே செய்து வைக்காதீர்கள். நேர்மின்னேற்றம் கொண்ட இம்மூலக்கூறுகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் படி: செல்லின் சேமிப்பைக் காலிசெய்தல்

திரிபைப் பாலிஅமீன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றியவுடன் வளர்ச்சி நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன்பு சேர்த்துவைத்த ஸ்பெர்மிடினைச் செல் உள்ளே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் அது தாய்க்கும் சேய்க்கும் பங்காகிப் பாதி பாதியாகக் குறையும். பத்துப் பிரிவுகளுக்குப்பின் ஒரு செல்லில் மிஞ்சுவது தொடக்க அளவில் 1,024-இல் ஒரு பங்கு. ஒளியடர்த்தி (வளர்ப்பின் கலங்கலைக் காட்டும் அளவு) 1.0 உள்ள வளர்ப்பை ஆயிரம் மடங்கு நீர்க்கச்செய்து மீண்டும் 1.0 வரை வளர்த்தால் ஏறத்தாழ இந்தப் பத்துப் பிரிவுகள் ஆகும். ஒரு பிரிவுக்கு இரண்டரை மணி நேரம் என்று கொண்டால் ஒரு நாளுக்குச் சற்று மேல். பிரிவு மெதுவாகிக்கொண்டே போவதால் உண்மையில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இந்த இடத்தில் நானே ஒரு முறை வாரக்கணக்கில் தடுமாறியிருக்கிறேன். 10 மைக்ரோமோலார் ஸ்பெர்மிடினில் வளர்ந்த முன்வளர்ப்பைக் கழுவாமல் ஆயிரம் மடங்கு நீர்த்தேன். திரிபு விடாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: 10 மைக்ரோமோலாரை ஆயிரத்தால் வகுத்தால் 10 நானோமோலார். வளர்ச்சியைத் தாங்கப் போதுமான அந்த அளவை நானே என் கையால் ஊற்றியிருந்தேன்.

ஆகவே செய்முறை இது. திரிபை 1 மைக்ரோமோலாருக்கு மிகாத ஸ்பெர்மிடினுடன் ஓர் இரவு வளர்த்து, செல்களைச் சுழற்றிப் படியவைத்து, பாலிஅமீன் இல்லாத ஊடகத்தில் மூன்று முறை கழுவுங்கள். பின்னர் ஒளியடர்த்தி 0.005 அளவில் தொடங்கி 30 டிகிரியில் குலுக்கி வளர்த்து, வளர்ச்சி 0.5-ஐத் தாண்டும்முன் மீண்டும் நீர்க்கச்செய்யுங்கள். இதை இரண்டு அல்லது மூன்று முறை தொடருங்கள். இயல்பு வகையையும் இதே கழுவலுக்கும் இதே நீர்த்தலுக்கும் உட்படுத்த வேண்டும். இல்லையேல் ஒப்பீடு செல்லாது. ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது வளர்ப்பை எடுத்து ஸ்பெர்மிடின் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி மீள வேண்டும். மீளவில்லையென்றால் நீங்கள் அளப்பது பஞ்சத்தை அல்ல, மரணத்தை.

எட்டாம் படி: வளர்ச்சியை அளத்தல்

சேமிப்பு காலியான செல்களை ஒளியடர்த்தி 0.05-இல் தொடங்கி, ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் பாலிஅமீன் இல்லாமலும், மூன்று பாலிஅமீன்களோடு தனித்தனியாகவும் வளர்த்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 600 நானோமீட்டரில் அளந்திடுங்கள். அளவு 0.4-ஐத் தாண்டினால் மாதிரியை நீர்த்து அளப்பது நல்லது. இரட்டிப்பு நேரம் என்பது கழிந்த நேரத்தை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கி, இறுதி அளவுக்கும் தொடக்க அளவுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்துக் கிடைப்பது. ஏழரை மணி நேரத்தில் 0.05 என்பது 0.40 ஆனால் மூன்று இரட்டிப்புகள் ஆகியிருக்கின்றன. இரட்டிப்பு நேரம் இரண்டரை மணி.

ஆனால் ஒளியடர்த்தியை மட்டும் நம்பி நிற்காதீர்கள். பாலசுந்தரமும் டேபர் தம்பதியரும் 1991-இல் விவரித்தபடி, பாலிஅமீன் வற்றிய ஸ்பி2 நீக்கச் செல்கள் மிகவும் பருத்துவிடுகின்றன, மொட்டுவிடுவது வெகுவாகக் குறைகிறது, செல்லுக்குள் பைபோன்ற அமைப்புகள் சேருகின்றன, ஆக்டினும் கைட்டினும் வழக்கமான இடங்களில் அமைவதில்லை. பருத்த செல் ஒளியை அதிகம் சிதறடிப்பதால், எண்ணிக்கை ஏறாதபோதும் ஒளியடர்த்தி ஏறும். எனவே எண்ணும் கண்ணாடித் தகட்டில் செல்களை நுண்ணோக்கி வழியே எண்ணுங்கள். மொட்டுள்ள செல்களின் விகிதத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பெர்மிடின் உள்ள தட்டில் பரப்பி, உயிருள்ள செல்களின் எண்ணிக்கையையும் பெறுங்கள். இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று விட்டு விலகும் நேரம்தான் பஞ்சம் தொடங்கும் நேரம்.

காற்றோட்டத்தையும் கவனிக்க வேண்டும். அதே 1991 ஆய்வில், ஆக்சிஜன் இல்லாத சூழலில் வளர்த்தபோது கட்டாயத் தேவையும் இந்த உருவக் கோளாறுகளும் காணப்படவில்லை. 1993-இல் அதே குழு, பாலிஅமீன் வற்றிய செல்களுக்கு ஆக்சிஜன் நஞ்சாகிறது என்று காட்டியது. அதனால் குடுவையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் நிரப்பாமல், குலுக்கும் வேகத்தை எல்லாக் குடுவைகளுக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஆக்சிஜன் இல்லாத ஒப்பீட்டைச் செய்ய விரும்புவோர் எர்கோஸ்டெராலும் ட்வீன் 80-உம் சேர்க்க மறக்கக் கூடாது. ஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையும் ஆக்சிஜன் இன்றி ஈஸ்டால் செய்ய முடியாது.

ஒன்பதாம் படி: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளத்தல்

வளர்ச்சி நின்றதைக் காட்டுவதோடு, ஸ்பெர்மிடின் உண்மையிலேயே வற்றியதையும் காட்ட வேண்டும். ஏறத்தாழ 10 கோடி செல்களைச் சேகரித்து, குளிர்ந்த நீரில் இரு முறை கழுவி, 5 சதவீத பெர்குளோரிக் அமிலத்தில் பனிக்கட்டியின்மேல் ஒரு மணி நேரம் வைத்துச் சாறெடுங்கள். தொடக்கத்திலேயே 1,7-டைஅமினோஹெப்டேனை அறிந்த அளவில் சேருங்கள். ஈஸ்டில் இல்லாத இந்த அமீன், இடையில் எவ்வளவு இழந்தோம் என்பதைச் சொல்லும். சுழற்றித் தெளிந்த சாறு 200 மைக்ரோலிட்டருடன், நிறைவுற்ற சோடியம் கார்பனேட் 200 மைக்ரோலிட்டரும், அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைத்த, அமீன்களோடு பிணைந்து அவற்றை ஒளிரச்செய்யும் டான்சில் குளோரைடு 400 மைக்ரோலிட்டரும் கலந்து, இருட்டில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். எஞ்சிய டான்சில் குளோரைடைப் புரோலின் கரைசல் கொண்டு முடக்கி, டொலுயினில் பிரித்தெடுங்கள். இவை அனைத்தையும் புகைக்கூண்டுக்குள் கையுறையுடன் செய்ய வேண்டும்.

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி இருந்தால் ஒளிர்வை அளக்கும் உணரியில் துல்லியமான எண்கள் கிடைக்கும். இல்லாதவர் மனம் தளர வேண்டாம்: சிலிக்கா தகட்டில் சைக்ளோஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் கலந்த கரைப்பானை ஓடவிட்டு, புற ஊதா விளக்கின்கீழ் பார்த்தால் பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் மூன்றும் தனித்தனிப் புள்ளிகளாக ஒளிரும். ஸ்பி2 நீக்கத்தில் பியூட்ரெசின் புள்ளி தடித்தும் மற்ற இரண்டும் மறைந்தும் இருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு. முடிவுகளைச் செல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கிடுங்கள். செல் பருக்கும் காரணத்தால் ஒளியடர்த்தி இங்கும் ஏமாற்றும்.

ஒரு நுட்பம். அமிலச் சாற்றில் வருவது கட்டற்ற பாலிஅமீனும் ஆர்என்ஏவில் ஒட்டியிருந்ததும் மட்டுமே. ஹைபுசினாக மாறிய பகுதி புரதத்தோடு சேர்ந்து வீழ்படிவில் போய்விடும். எனவே சாற்றில் ஸ்பெர்மிடின் தெரியாதபோதும் செல் சில தலைமுறை வளரக்கூடும்; முன்பே ஹைபுசின் பெற்ற புரதம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். அதை நேரடியாகக் காண, ஹைபுசினை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் செய்ய வேண்டும்.

பத்தாம் படி: முடிவுகளைப் படித்தல்

பான்டோதெனேட் உள்ள ஊடகத்தில் எதிர்பார்க்க வேண்டியவை இவை. இயல்பு வகையும் ஸ்பி4 நீக்கமும் எதுவும் சேர்க்காமலே வளரும். ஸ்பி1 நீக்கத்தை மூன்று பாலிஅமீன்களில் எது சேர்த்தாலும் மீட்கலாம். அடைப்பு பாதையின் தொடக்கத்தில் இருக்கிறது. ஸ்பி2, ஸ்பி3 நீக்கங்களைப் பியூட்ரெசின் மீட்காது. ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் மீட்கும். ஸ்பி2-உம் எஃப்எம்எஸ்1-உம் நீக்கப்பட்ட இரட்டைத் திரிபில் ஸ்பெர்மினும் பயனற்றது. ஸ்பெர்மிடின் மட்டுமே மீட்கும். நான்கு நேர்மின்னேற்றம் உள்ள ஸ்பெர்மின் செல்லுக்குள் இருந்தும் வளர்ச்சி நிற்கிறது என்பதே, மின்னேற்றம் மட்டும் போதாது, ஸ்பெர்மிடினின் அந்தக் குறிப்பிட்ட வடிவம் வேண்டும் என்பதற்கான வலுவான சான்று. இந்த இரட்டைத் திரிபை விட்டுவிட்டுச் செய்யும் சோதனை, கடைசிச் சாட்சியை விசாரிக்காமல் முடித்த வழக்கைப் போன்றது.

முடிவு இவ்வாறு அமையாதபோது, ஒரு வரிசையில் தேடுங்கள். திரிபு பாலிஅமீன் இன்றியே வளர்ந்தால் ஊடகத்தின் மாசு, போதாத கழுவல், ஸ்ட்ரெயின் கலப்பு என்ற வரிசையில் ஐயப்படுங்கள். ஸ்பெர்மிடின் சேர்த்தும் வளரவில்லையென்றால் கரைசலின் வயதையும், ஹிஸ்டிடின், லியூசின் போன்ற துணைச்சத்துகளையும் பாருங்கள். பின்னர் உள்ளெடுக்கும் வழியைப் பாருங்கள். டியூர்3, சாம்3 போன்ற சவ்வுக் கடத்திகளே பாலிஅமீனை உள்ளே கொண்டுவருகின்றன; இவை பழுதான பின்னணியில் வெளியிலிருந்து ஊட்டுவது பலிக்காது.

பதினோராம் படி: மிகுதியின் விளைவு

பஞ்சத்தைப் போலவே மிகுதியையும் சோதிக்கலாம். மில்லிமோலார் அளவுக்கு ஏற்றும்போது ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் வளர்ச்சியைக் குறைக்கத் தொடங்கும். மக்னீசியம் குறைந்த ஊடகத்தில் இந்நஞ்சு மேலும் கூர்மையாகும். இதைத் தடுக்கும் முதல் அரண் முன்பு கண்ட ஆன்டிசைம். இரண்டாவது, பாலிஅமீனை வெளியேற்றும் டிபிஓ1 முதலிய கடத்திகள். டிபிஓ1 நீக்கத் திரிபை இயல்பு வகையுடன் ஏறுவரிசை அளவுகளில் ஒப்பிட்டால், இயல்பு வகை தாங்கும் அளவில் திரிபு தளர்வதைக் காணலாம். இச்சோதனையில் ஊடகத்தின் அமிலகாரநிலையை ஒவ்வோர் அளவிலும் சரிபார்க்க வேண்டும். அது மாறினால் உள்ளெடுக்கும் வேகமும் மாறும்.

வயதான ஈஸ்ட் செல்களுக்கு ஸ்பெர்மிடின் கொடுத்தால் அவை நீண்டநாள் உயிரோடிருக்கின்றன, அதற்குத் தன்னுண்ணல் என்னும் உட்சிதைப்பு அவசியம் என்று 2009-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் குழு வெளியிட்டது. அதை மீளச் செய்ய விரும்புவோர் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே அளப்பது வளர்ச்சி முடிந்து ஓய்ந்த செல்களின் ஆயுள். இங்கே நாம் அளந்தது பெருகும் செல்களின் வேகம். ஓய்ந்த வளர்ப்பில் ஒளியடர்த்தி எதையும் சொல்லாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, தட்டில் பரப்பி, உருவாகும் கூட்டங்களை எண்ணுவதே அதற்குரிய அளவை. பிஒய்4741-இல் இதைச் செய்யும்போது துணைச்சத்துகளைத் தாராளமாகச் சேருங்கள். லியூசின் முன்கூட்டியே தீர்ந்துபோன வளர்ப்பு அதனாலேயே விரைவில் சாகும், அந்தச் சாவு ஸ்பெர்மிடினின் கணக்கில் தவறாக ஏறிவிடும்.